மூன்றே முக்கால் மணிக்கு லூயியின் வயிறு

லூயியின் வயிற்றுக்குள் மாத்திரை முறியும் சத்தம் வியட்நாமின் சைகோன் நகரில் டோங் டு தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது. தினமும் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, காய்ந்த சுள்ளியை ஒடிப்பது போல ஒரே ஒரு ‘டக்’. 1970இல் முதன்முதலாகக் கேட்டபோது, சண்டைக்காலம் ஆகையால், தெருவே கட்டிலுக்கடியில் புகுந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

லூயி பிரெஞ்சுக்காரர் காலத்தில் குமாஸ்தாவாக வந்த பாண்டிச்சேரிக்காரர். பெருங்குடலில் புண், ரத்தமாகப் போகும். மனைவி ஜெர்மேன் மருந்துக்கடை வைத்திருந்தாள். அவள் கொடுத்த மஞ்சள் மாத்திரைக்கு சல்ஃபாசலசின் என்று பெயர். இரண்டு மருந்துகளை நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்களால் முடிச்சுப் போட்டுக் கட்டியது. அந்த முடிச்சு இரைப்பையில் அவிழாது, சிறுகுடலிலும் அவிழாது. பெருங்குடலில் குடியிருக்கும் கிருமிகள்தான் அறுக்க வேண்டும். அறுந்தால்தான் புண் ஆறும். எந்தப் பாதி ஆற்றுகிறது என்று அப்போது யாருக்கும் நிச்சயமில்லை. லூயிக்கு அந்தக் கவலையும் இல்லை.

1972இல் ஊரில் காலரா பயம். ஜெர்மேனுக்குக் கிருமி என்றாலே ஆகாது. கணவருக்குத் தனித்தட்டு, தனிக்குவளை, எல்லாம் கொதிநீரில் முக்கி எடுத்தது. அதோடு விட்டாளா? முன்ஜாக்கிரதையாகக் கிருமிகொல்லிக் காப்சூலும் பத்து நாள் கொடுத்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ஆறாம் நாள் மூன்றே முக்கால் ஆயிற்று, நாலும் ஆயிற்று, சத்தம் இல்லை. மாத்திரைகள் முடிச்சு அவிழாமலே வெளியேறின. ரத்தம் திரும்பியது. லூயி பாயும் படுக்கையுமானார். குடலை அறுத்து எடுக்கலாம், பிழைப்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர்.

பத்தாம் நாள், கடைசிக் காப்சூலைக் கையில் எடுத்தபோதுதான் ஜெர்மேனுக்கு உறைத்தது. அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

“முடிச்ச அறுக்கிறதுங்கள நானே கொன்னுட்டேங்க.”

“தெரியும்,” என்றார் லூயி. “அந்தக் காப்சூல் உள்ள போன ஆறாம் நாளே வயிறு ஊமையாயிடுச்சு. நீ குடுத்தியேன்னு முழுங்கினேன்.”

காப்சூல் குப்பைக்குப் போனது. ஜெர்மேன் தயிர்ச்சோற்றைத் தன் தட்டிலேயே பிசைந்தாள். தான் ஒரு வாய் தின்று, அதே கையால் அவருக்கு ஒரு வாய் ஊட்டினாள். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது. பத்தொன்பது நாள் எச்சில் பார்க்காமல் தின்றார்கள். தெருவும் காது கொடுத்துக் காத்திருந்தது.

இருபதாம் நாள் மூன்றே முக்காலுக்கு ‘டக்’. அந்த வாரமே ரத்தம் நின்றது. முதல் ‘டக்’ கேட்ட அன்றே, கால்மணி கழித்து இன்னொரு ‘டக்’, சற்று மெல்லியதாக, மாத்திரையே தொடாத ஜெர்மேனின் வயிற்றிலிருந்து வந்தது. முதலில் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

அதன்பின் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் அக்கம்பக்கத்தார் சொல்லிவைத்தது இவ்வளவுதான்: குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வரும்; லூயி மூன்றே முக்காலுக்கு, அவர் மனைவி நாலு மணிக்கு.