ஓடைக்குள் ஒரு சாவி

2019 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, சேலம் மாவட்டம் கருமந்துறைக்கு வடக்கே ஏழு கிலோமீட்டரில், ஓடையின் நடுவே என்ஜின் நின்றது. சாவியின் மேல் என் விரல்கள் இருக்கின்றன, திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை, வலது முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி வண்டி என் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, என் கதவை ஒரு பாறை அடைத்து நிற்கிறது, இடது கதவை மேலேயிருந்து வரும் வெள்ளம் அழுத்திப் பிடித்திருக்கிறது, அந்த உயர்ந்த பக்கத்தில் பூங்கோதை, கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக என்னோடு மலைப்பாதைக்கு வந்தவள், மடியில் தயிர்சாத டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, என்னங்க, நின்னுடுச்சா, என்கிறாள், இல்ல, சும்மா நிறுத்தியிருக்கேன் என்கிறேன், ஓடைக்கு நடுவுலயா என்கிறாள், தண்ணீர் என் முழங்காலைத் தொடுகிறது, மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும், ஏறிக்கொண்டே வருகிறது.

இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கப் பதினான்கு மாதம் ஆனது, அத்தனை நாளும் நான் அலுவலக மேசையில் அடுத்தவர்களின் நசுங்கிய, எரிந்த, மூழ்கிய வண்டிகளுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன், காப்பீட்டு சர்வேயர், இருபத்து மூன்று வருடம், எந்த வண்டி எதனால் சாகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் சாகாத ஒன்றைத் தேடினேன், அதில் ஏறி சாலை முடிகிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று தேடினேன். நாமக்கல்லில் பார்த்ததற்குப் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் துரு, ஓசூரில் பார்த்தது பூங்கோதைக்குப் பிடித்தது, பட்டனைத் தொட்டால் கண்ணாடி இறங்கும், மெத்தென்ற இருக்கை, மூன்றாவது ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் பின்புறம், 1999 மாடல், நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் சின்ன கியர் ஒருமுறைகூடப் போடப்படாமல் இறுகிக் கிடந்தது, மெக்கானிக் மரியதாஸ் அதன் அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சட்டத்தை இஞ்ச் இஞ்ச்சாகத் தட்டிக் கேட்டுவிட்டு, முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து, சட்டம் சுத்தமா இருக்கு சார், மத்ததெல்லாம் மாத்திக்கலாம், இதத்தான் மாத்த முடியாது, என்றார், கண்ணாடி கையால சுத்துற மாதிரி இருக்கே என்று பூங்கோதை கேட்டாள், கரண்ட்டு கண்ணாடி தண்ணியில செத்துடும்மா, கைப்பிடி சாவாது, என்றார், அதெதுக்கு தண்ணியில போவுது என்று அவள் கேட்டாள், மரியதாஸ் மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார், நான் விலை பேசப் போனேன்.

ஸ்பிரிங்கை மூன்று இஞ்ச் உயர்த்தினோம், மேடு பள்ளத்தில் வயிறு தட்டாமல் இருக்க, பெரிய டயர் போட்டோம், என்ஜினுக்குக் காற்று போகும் வழியை பானெட்டிலிருந்து எடுத்து, கண்ணாடி ஓரமாகக் கூரை வரை ஒரு குழாயாக ஏற்றினோம், தண்ணீரில் இறங்கினாலும் வண்டி மூச்சு விடுவதற்கு, மரியதாஸ் அதைப் புகைபோக்கி என்பார், அதில் புகை போகாது மரியதாஸ், காற்றுதான் உள்ளே வரும் என்றால், மூக்குக்கு எதுவானா என்ன சார் என்பார். எல்லாம் முடித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது பூங்கோதை புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், முட்டி வலியில் இறக்கிவிட்டாள், வண்டி வாங்குனீங்களா பரண் வாங்குனீங்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள், அதன் பிறகு இரண்டு வருடம் நான் தனியாகவும் நண்பர்களோடும் போனேன், இந்த வருடம்தான் அவள் பக்கத்தில் ஒரு இரும்புப் படி பற்றவைத்தேன், அதில் கால் வைத்துத்தான் இன்று காலை ஏறினாள், ஏறி உட்கார்ந்து, நல்லாத்தான் இருக்கு, என்றாள்.

தண்ணீர் என் இருக்கையில் ஏறுகிறது. சாய்வில் டாஷ்போர்டின் சின்ன அறை தானாகத் திறந்துகொள்கிறது, உள்ளிருந்து ஒரு டார்ச், ஒரு துணி, பிறகு ஒரு இரும்பு வளையம், உள்ளங்கையளவு, திருகு வைத்தது, உருண்டு வந்து என் மடியில் விழுந்து தண்ணீருக்குள் போகிறது, எனக்கு விளங்கிவிடுகிறது. பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு ஆர்.டி.ஓ.விடம் காட்டி எஃப்.சி., தகுதிச் சான்று, எடுக்க வேண்டும், மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது, அதற்கு இந்தப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான், பழைய ஸ்பிரிங், பழைய டயர், பழைய காற்று டப்பா எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஷெட்டில் வைத்திருப்பார்கள், அந்த வாரம் மட்டும் மாட்டிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மறுபடி கழற்றிவிடுவார்கள், வண்டி ஒரு நாள் மட்டும் பிறந்தபடி இருக்கும், அடுத்தவர்களின் அறிக்கையில் தெரிவிக்கப்படாத மாற்றங்கள் என்று அடிக்கோடு போடும் நானும் அதையேதான் செய்தேன், வெள்ளிக்கிழமை எஃப்.சி. முடிந்தது, அன்று மாலைக்குள் மரியதாஸ் டயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, குழாய் மட்டும் பாக்கி சார், திங்கக்கெழம வந்து மாட்டுறேன், அதுவரைக்கும் எங்கியும் தண்ணியில எறங்கிடாதீங்க, என்று சொல்லி வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறினார், ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை வருகிறேன் என்றிருந்தாள், அவள் மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும், சனிக்கிழமை நானே குழாயை மாட்டினேன், இரண்டு இணைப்பு, இரண்டு வளையம், ஒன்றை முடுக்கினேன், மற்றதைத் துணியோடு அந்த அறையில் வைத்தேன், அப்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கூரை உயரத்தில் மூச்சு விடுகிற என்ஜின் அந்தத் திறந்த இணைப்பின் வழியாக ஓடையைக் குடித்திருக்கிறது, அதன் வயிற்றில் தண்ணீர் இருக்கிறது, இப்போது சாவியைத் திருப்பினால் தண்ணீரை அமுக்க முடியாமல் உள்ளே பிஸ்டனின் கம்பி வளையும், இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை.

2015 டிசம்பர், அம்மாபேட்டை, பேக்கரி வைத்திருந்த சடையப்பன் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், ரயில்வே பாலத்துக்கு அடியில் அவர் வேன் மூழ்கியது, என்ஜின் நின்ற பிறகு சாவியைத் திருப்பினீர்களா என்று கேட்கிறேன், பொய் சொல்லத் தெரியாத மனிதர், ரெண்டு தடவ திருப்புனேன் சார், உள்ள பாப்பா இருந்துச்சு, கை சும்மா இருக்கல, என்கிறார், கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாமே என்கிறேன், ஆமா சார், அப்புறம் அப்பிடித்தான் எறங்குனோம், என்கிறார், தவிர்த்திருக்கக்கூடிய சேதம் என்று எழுதுகிறேன், பேனா நன்றாக எழுதுகிறது, அவர் வேனில் ரொட்டி போட்டுத்தான் கடை கடையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார், அது எனக்குத் தெரியும், அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என்னங்க, இடுப்புக்கு வந்துடுச்சு உங்களுக்கு, என்கிறாள் பூங்கோதை, நான் சாவியைத் திருப்புகிறேன், வண்டி ஒருமுறை முனகி நிற்கிறது, மறுபடி திருப்புகிறேன், உள்ளே கல்லை அம்மியில் போட்டது போல ஒரு அடி, அதோடு எல்லா விளக்கும் அணைகிறது, அப்போதுதான் பக்கத்தில் ஒரு கிறீச் சத்தம் வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது, அவள் கண்ணாடியைச் சுற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள், கடைசி வரை இறக்கிவிட்டு, எறங்குதுங்க, நீங்க ஏன் அந்தச் சாவியவே புடிச்சிக்கிட்டு இருக்கீங்க, என்கிறாள், டப்பாவைக் கூரை மேல் வைக்கிறாள், வலிக்கிற முட்டியை முதலில் வெளியே போட்டு, படியைக் காலால் தேடி, கண்டுபிடித்து நிற்கிறாள், என்னை நோக்கிக் கையை நீட்டுகிறாள், வாங்க, என்கிறாள், சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடிக்கிறேன். கூரை மேல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், தயிர்சாதம் நனையவில்லை, பாதி பாதி சாப்பிட்டோம், மேல் ஊரிலிருந்து டிராக்டர் வந்தது, கயிறு போட்டவர், ஏன் சார், இந்த மாசத்துல மாட்டையே இந்தப் பக்கம் ஓட்ட மாட்டோமே, என்றார், இவரு மாடு இல்லீங்களே, என்றாள் பூங்கோதை.

நான்காம் நாள் வேறொரு சர்வேயர் வீட்டுக்கு வந்தார், என்னைத் தெரிந்தவர், மேசைக்கு எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் சாவி, காய்ந்த சேறு அதன் பல்லில் இருக்கிறது, அவர் குழாயைப் பற்றி எதுவும் கேட்காமல், நின்னதுக்கப்புறம் திருப்பலன்னு போட்டுக்கட்டுங்களா சார், என்று கேட்டு, பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் காத்திருந்தார், சடையப்பனுக்கு நான் அப்படிக் காத்திருக்கவில்லை, ரெண்டு தடவை திருப்பினேன், என்றேன், அவர் என்னைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். ஒன்பதாம் நாள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வண்டியை உதிரி பாகங்களுக்காக மரியதாஸ் எடுத்துக்கொண்டார், சாவி வேண்டாம் என்றார், என்னிடம் இருக்கிறது.