இரண்டாம் நம்பர் சாவி

அத்தான் சின்னவளின் சாவிக்கடைக்கு வந்தால் வாசலிலேயே கேலியை ஆரம்பித்துவிடுவார். "என்னம்மா, எத்தனை திருடனுக்கு இன்னைக்கு உதவி பண்ணின?" என்பார். அந்தச் சனிக்கிழமை பதினொன்றரைக்கு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். யார் கடையை யார் பூட்டுவது!

"என்ன அத்தான், அக்காவுக்கு ஏதாவது...?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு எதுவும் தெரியவும் வேண்டாம்." சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியையும் ஒரு பிளாஸ்டிக் அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இதே மாதிரி ஒண்ணு வேணும். பன்னிரண்டரைக்குள்ள."

சின்னவளுக்கு அதைக் கையில் எடுத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. சாதாரணச் சாவிக்கு ஓரத்தில் பல் இருக்கும். இதற்கு ஓரம் மொழுமொழுவென்று இருக்கும், இரண்டு பக்கமும் பதினொரு குழிகள், ஒன்றின் ஆழம் மற்றதற்கு இருக்காது. விமானக் கதவுச் சாவி. அந்த ஊரில் இதை வெட்ட அனுமதி வாங்கியிருப்பவள் அவள் ஒருத்திதான். வெட்டுவதென்றால் சாவியின் எண் பொறித்த அந்த அட்டை வேண்டும், விமானத்துச் சொந்தக்காரரின் கடிதம் வேண்டும், பதிவேட்டில் கையெழுத்து வேண்டும்.

"கடிதம் எங்க?"

"கடிதம் இல்ல."

"விளையாடறீங்களா? இது என்ன பீரோ சாவியா?"

"சின்னவளே, உன் கால்ல விழறேன்." விழுந்துவிடுவார் போலத்தான் இருந்தார். பதினெட்டு வருஷமாக விமானத்தில் மெக்கானிக் வேலை பார்க்கிறவர், அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து யாரிடமும் தலை குனியாதவர், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

விஷயம் இதுதான். அந்தச் சின்ன விமானத்துக்கு இரண்டு சாவி. ஒன்று பைலட்டம்மாவிடம், இன்னொன்று விமானக் கொட்டகைச் சுவரில் இருக்கிற பலகையில். பறப்பதற்கு முன்னால் பலகையில் இரண்டாம் நம்பர் தொங்குகிறதா, கருவிப்பெட்டியில் கருவியெல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துப் பைலட் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானம் நகரக் கூடாது. அந்த இரண்டாம் நம்பர் நேற்றிலிருந்து காணவில்லை. பூட்டுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி, பைலட்டிடம் இருந்த ஒன்றாம் நம்பரை வாங்கிக்கொண்டு இங்கே ஓடி வந்திருக்கிறார்.

"ஒரு மணிக்கு ரெண்டு டாக்டருங்க போறாங்க. எனக்கு ஏற்கனவே ரெண்டு எச்சரிக்கை கொடுத்திருக்காங்க. மூணாவது வந்துதுன்னா லைசென்ஸைப் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வயசுல எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு?"

சின்னவள் மெஷினைப் பார்த்தாள். இந்தக் கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தது அவர். இந்த மெஷினை லாரியிலிருந்து இறக்கி, தோளில் சுமந்து வந்து வைத்ததும் அவர்தான். புருஷன் விட்டுப் போன வருஷம் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். மனசு கேட்குமா? கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்து, வெட்டாத வெற்றுச் சாவி ஒன்றை எடுத்தாள்.

மெஷினில் இரண்டு பிடிகள். இடப்பக்கம் பழைய சாவி, வலப்பக்கம் புதுசு. இடப்பக்க ஊசி பழைய சாவியின் குழிக்குள் இறங்கும்போது வலப்பக்க வெட்டி அதே ஆழத்துக்குப் புதுச் சாவியைக் குடையும். தலைமுடி அளவு பிசகினால் போச்சு. கை நடுங்கக் கூடாது. வெட்டிக்கொண்டே அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"கடைசியா எங்க வெச்சீங்க?"

"சட்டைப் பையில."

"அப்போ என்ன வேலை பண்ணிட்டிருந்தீங்க?"

"வால் பகுதிக்குள்ள கம்பி மாத்தினேன். குப்புறப் படுத்துத்தான் உள்ள போகணும். முடிச்சுட்டு மூடினேன், வீட்டுக்குப் போனேன், சட்டையைத் துவைக்கப் போட்டேன். காலையில பார்த்தா இல்ல."

வெட்டி நாலாவது குழியில் இருந்தது. சின்னவள் கையை எடுத்தாள்.

"குப்புறப் படுத்தா சட்டைப் பையில இருக்கறது எங்க விழும் அத்தான்?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்த வாலுக்குள்ள தேடினீங்களா?"

"விழுந்திருந்தா சத்தம் கேட்டிருக்கும்."

"தேடினீங்களா, இல்லையா?"

"இருபத்திரண்டு ஸ்க்ரூ!" அவர் கத்தினார். "திறந்தா எதுக்குத் திறந்தேன்னு எழுதணும். எழுதினா நான் தொலைஞ்சேன். அங்க இருக்காதும்மா. வழியில எங்கயாவது விழுந்திருக்கும். நீ வெட்டு."

அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. இந்தச் சாவியை அவள் வெட்டிக் கொடுத்துவிட்டால் பலகையில் இரண்டாம் நம்பர் தொங்கும். பைலட் எண்ணுவாள், சரியாக இருக்கும், கையெழுத்துப் போடுவாள். ஒரு சாவி குறைகிறது என்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அது வாலை அசைக்கிற கம்பி ஓடும் சக்கரத்தில் போய்ச் சிக்கினால், மேலே போன பிறகுதான் தெரியும். தெரிந்து என்ன செய்வது, ஆகாயத்தில் வண்டியை ஓரமாக நிறுத்த முடியுமா?

மெஷினை நிறுத்தினாள். பழைய சாவியைப் பிடியிலிருந்து கழற்றித் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"திறந்து பாருங்க. அப்புறம் வெட்டித் தர்றேன்."

"அதைக் கொடு."

"மாட்டேன்."

அவர் மேசையைச் சுற்றி வந்தார். சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவருடைய மூச்சு அவள் முகத்தில் பட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனைப் பார்த்து அவள் பயந்ததே இல்லை. இப்போது பயந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார், வலியில் உயிர் போயிற்று, அவள் விரலைப் பிரிக்கவில்லை.

அவருடைய போன் அடித்தது. மேசைமேல் 'பைலட்' என்று மின்னியது.

"எடுங்க," என்றாள்.

கையை விட்டார். போனை எடுத்தார். "இதோ வந்துட்டே இருக்கேன் மேடம். ஆமா, எண்ணெய் போட்டாச்சு. அஞ்சு நிமிஷம்." என்ன வழவழப்பான குரல்! அதைக் கேட்டதும் சின்னவளுக்கு வந்ததே ஒரு கோபம். எட்டிப் போனைப் பிடுங்கினாள்.

"மேடம், நான் சாவிக்கடையிலிருந்து பேசறேன். ரெண்டாம் நம்பர் சாவி தொலைஞ்சு போச்சு. வாலுக்குள்ள விழுந்திருக்கலாம். ஒண்ணாம் நம்பர் என் கையில இருக்கு. வாலைத் திறந்து பாக்காம யாரையும் ஏத்தாதீங்க."

சொல்லிவிட்டாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "உன்னை என் தங்கச்சியாத்தானே நினைச்சேன்," என்றார். அதற்கு அவர் அடித்திருக்கலாம்.

பத்து நிமிஷத்தில் கொட்டகையில் இருந்தார்கள். பைலட்டம்மா நரைத்த தலையும் நேரான முதுகுமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர்கள் இருவரையும் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தாள். "திறங்க மெக்கானிக் சார்," என்றாள், அவ்வளவுதான். இருபத்திரண்டு ஸ்க்ரூவையும் அத்தான் கழற்றினார். டார்ச் அடித்தார்.  வாலைத் தட்டினார். குலுக்கினார். முக்கால் மணி நேரம் சின்னவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாவி இல்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். அக்கா.

"என்னங்க, துணி மெஷின்ல ஏதோ கடகடன்னுதுன்னு பார்த்தேன். ரப்பர் வளையத்துக்குள்ள ஒரு சாவி. ரெண்டுன்னு போட்டிருக்கு. உங்களுதா? வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையிலதானே இருக்கீங்க, நானே கொண்டு வந்து தர்றேன்."

அத்தான் கண்ணை மூடித் திறந்தார். பிறகு திரும்பிச் சின்னவளைப் பார்த்தார்.

"கேட்டுச்சா? நல்லா கேட்டுச்சா? குளிர்ந்துச்சா மனசு? வீட்ல கிடந்த சாவிக்கு என் பொழப்பில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேம்மா!"

சின்னவளுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அக்கா முகத்தில் இனி எப்படி முழிப்பது?  பைலட்டம்மாவுக்கும் சங்கடம்தான். "சரி சார், விடுங்க. மூடிடலாம். நான் கடைசியா ஒரு தடவை பார்த்துக்கறேன்," என்று கைக்கண்ணாடியை வாங்கி, வாலுக்குள் தலையை விட்டாள்.

"இது என்னது?"

கையை நீட்டித் துழாவினாள். வெளியே வந்த கையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தது. அலுமினிய விளிம்புக்குப் பின்னால், கம்பிச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, டார்ச் வெளிச்சம் எட்டாத மூலையில் சிக்கிக் கிடந்ததாம். அதன் பிடியில் சிவப்புச் சாயக் கோடு. அத்தானின் கருவிகள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு.

பைலட்டம்மா கருவிப்பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு கருவிக்கும் ஸ்பாஞ்சில் அதனதன் அளவுக்கு வெட்டிய இடம். எல்லா இடமும் நிறைந்திருந்தது. பத்தாம் நம்பர் இடத்திலும் ஒரு ஸ்பானர் இருந்தது, சிவப்புக் கோட்டோடு. மற்றதெல்லாம் தேய்ந்து மங்கியிருக்க, அது மட்டும் பளபளவென்று இருந்தது.

"புதுசு வாங்கிச் சாயம் அடிச்சு வெச்சிருக்கீங்க," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "நான் தினமும் எண்ணினேன். தினமும் சரியா இருந்துச்சு. எப்போ தொலைஞ்சது?"





"பள்ளிக்கூடத்துக்கு லீவு விடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி," என்றார். "எங்கயோ வெளியில போட்டுட்டேன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

கொட்டகை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். அவள் கையை உதறிவிட்டு ஏழு வயசு மகள் நேராக விமானத்திடம் ஓடி வந்து இறக்கையைத் தொட்டாள்.

"அப்பா, லீவுல என்னையும் அம்மாவையும் தம்பியையும் இதுல ஏத்திட்டுப் போனாங்களே, அதே மாதிரி இன்னைக்கும் போலாமா? இந்தத் தடவை நான் பின்னாடி உக்காந்துக்கறேன்பா."

அத்தான் அந்த ஸ்பானரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். குழந்தையின் வெள்ளைச் சட்டையெல்லாம் எண்ணெயாயிற்று. "ஐயோ, என்னங்க இது, இப்பத்தான் போட்டுவிட்டேன்," என்று அக்கா ஓடி வந்தாள்.  அத்தான் மகளை விடாமல் பைலட்டம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிக்குங்க மேடம். ஸ்பானரையும் சேர்த்து எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."