டொக்டரின் கைக்கு ஒரு பிடி

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் மெல்லிசாக இருப்பது என்னுடைய குற்றமல்ல. லண்டன் நோர்பரியில் வீடுகளை அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆகவே, தொண்ணூற்றோராம் ஆண்டு நவராத்திரி சமயம், குகதாசன் வீட்டிலிருந்து வந்த சரக், சரக் என்ற அரம் தேய்க்கிற சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அது தானாக வந்து விழுந்தது.

குகதாசன் சமைக்கிற குசினிக்கு அலுமாரிகள் செய்து பொருத்துகிற ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். வீட்டில் அவனும் மனைவி தவநாயகியும்தான். அகதி விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாகியும் பதில் இல்லை. கடைசியில் வருகிற புதன்கிழமை குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அந்தப் புதன்கிழமைக்காகத் தவநாயகி பிடிக்காத விரதம் இல்லை. பெருமூச்சு விடுவதற்குக்கூட நாள் பார்த்தாள்.

அப்படிப்பட்ட நேரத்தில் அந்த மனிதன் பின்வளவில் நின்று, கையில் எதையோ பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, வேலியைக் குறிபார்க்கிறான்! நான் மேல்மாடிக் குளியலறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது காலையிலும் துடைத்த ஜன்னல்தான். ஆனாலும் லண்டன் தூசியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

சரஸ்வதி பூசையன்று அவர்கள் வீட்டில் அவலும் கடலையும் வாங்கப் போன சாட்டில் விஷயத்தை நேரில் பார்த்தேன். படங்களுக்கு முன்னால் உளி, அரம், மரம் அறுக்கிற வாள் எல்லாம் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. அவற்றின் நடுவில் இரண்டு துண்டு வால்நட் மரம், வளைந்து, விரல் பதிகிற பள்ளங்களோடு. சண்டை நடக்கிற எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் அந்த வளைவை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"தம்பி, இது என்ன?"

"ரிவோல்வருக்குப் பிடி, அக்கா," என்றான், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பிடி என்று சொல்லுகிற மாதிரி. "பேர்லியிலை ஒரு டொக்டரம்மாவின்ரை குசினி செய்தனான். அவ கிளப்பிலை போய்க் கடுதாசி மட்டைக்குச் சுடுறவ. லைசன்ஸ் இருக்கு. கொம்பனிப் பிடி அவவின்ரை கைக்குப் பெரிசாம். என்னட்டை இருக்கிறது வெறும் மரம்தான்."

ஒரு டொக்டரம்மா மட்டைக்குச் சுடுகிறாளாம். இதை யார் நம்புவார்கள்? பஸ் தரிப்பில் அடுத்த தெருச் செல்வமலரைக் கண்டபோது, தலையிலடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, பிடியைப் பற்றி மட்டும் சொன்னேன். டொக்டரைப் பற்றிச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்வது? மறுநாளே லண்டனின் மற்றக் கோடியில், பார்க்கிங் என்ற ஊரிலிருந்து என் மச்சாள் போன் எடுத்து, எங்கள் தெருவில் ஒருத்தன் பெட்டி பெட்டியாகச் சுடுகிற துவக்குச் செய்கிறானாமே என்று எனக்கே புதினம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தவநாயகி வேலியடிக்கு வந்தாள்.

"அக்கா, நான் கடைக்குள்ளை போனால் சனம் கதையை நிப்பாட்டுது. யாரோ பொலிசுக்குச் சொல்லப்போயினமாம். புதன்கிழமைக்குமுன்னம் இவரை ஒருக்கால் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் காணும், எல்லாம் முடிஞ்சுது. திருப்பி அனுப்பினால் இவர் எங்கை போறது? அந்த மரத்தை அடுப்பிலை வையுங்கோ எண்டு குழறிப்போட்டன். சனிக்கிழமை டொக்டர் வாறா, குடுத்து முடிச்சிடுறன் எண்டுறார்."

"சனம் எண்டால் அப்பிடித்தான், பிள்ளை," என்று ஆறுதல் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு நீலக் கார் வந்து நின்றது. அவலுக்கு வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

டொக்டர் வேதவல்லி சின்ன உருவம், சின்னக் கை. மயக்கமருந்து டொக்டராம், மதுரைப் பக்கம். மடியில் பூட்டுப் போட்ட பெட்டி. திறந்து, குண்டு போடுகிற உருளையை வெளியே தள்ளி, வெறுமையாக இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினாள். பிறகு திருகாணியைக் கழற்றிக் கொம்பனிப் பிடியை எடுத்தாள். உரித்த கோழிக்கால் மாதிரி இரும்பு மட்டும் மிச்சமாக நின்றது.

குகதாசன் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லிசாகப் பூசினான். மரத்துண்டை அதில் வைத்து அழுத்தி எடுத்தான். மரத்தின் உட்புறத்தில் சிவப்பு ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதைச் சுரண்டினான். மறுபடி அழுத்தினான், மறுபடி சுரண்டினான்.

"சுவாமி குங்குமம்," என்று தவநாயகி முணுமுணுத்தாள்.

"சிவப்பு எல்லா இடமும் ஒரே அளவாப் பிடிச்சால் மரம் இரும்பிலை இருந்திட்டுது எண்டு அர்த்தம்," என்றான் அவன், தலை நிமிராமல். "பிறகு கடைசி எண்ணெய் ஒருக்கால் தேய்ச்சால் சரி."

சரியாக அந்த நேரம் டொக்டரின் இடுப்பில் இருந்த பேஜர் கத்தியது. அவள் எழுந்தாள்.

"ஆஸ்பத்திரி. போன் எங்க இருக்கு?"

அந்த வீட்டில் போன் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேடம், சாமானை வைச்சிட்டுப் போங்கோ. ஐஞ்சு நிமிஷந்தானே," என்றான் குகதாசன்.

"அய்யோ, கூடவே கூடாது! நான் இல்லாம இது உங்க வீட்ல இருந்தா மாட்டிக்கிறது நீங்கதான்." வெறும் இரும்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மரத்துண்டுகள் குகதாசன் கையில். நான் முன்னால், டொக்டரும் பெட்டியும் பின்னால்.

அவள் என் வீட்டு மண்டபத்தில் நின்று போனில் பேசத் தொடங்கினாள். ஏதோ அவசர சத்திரசிகிச்சை, இரத்தம், எத்தனை பைகள் என்று இங்கிலீசில் போனது. நான் முன் ஜன்னல் திரையை விலக்கினேன். குகதாசன் வாசலில் பொலிஸ் கார். இரண்டு பேர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் செல்வமலர், கையில் கரட்டுப் பையோடு நின்றிருந்தாள். கரட் வாங்கப் போகிறவள் எங்கள் தெருவால் போகத் தேவையே இல்லை.

சுவரில் காதை வைத்தேன்.

துவக்கு எங்கே என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார். "நோ கன், சார்," என்றான் குகதாசன். அது உண்மைதான். அப்படியானால் இந்த மரப்பிடி என்ன என்றார். உன் கையில் என்ன சிவப்பு என்றார் மற்றவர். "குங்குமம்," என்றாள் தவநாயகி. அதை இங்கிலீசில் சொல்ல அவளுக்கு வரவில்லை. திரும்பவும் குங்குமம், குங்குமம் என்றாள்.

"டொக்டர்... லேடி..." என்று குகதாசன் தொடங்கினான். ஊரில் சீருடைக்காரர் முன்னால் வாய் திறக்காமல் நின்று பழகிய மனிதன். சரி, சப்பாத்தைப் போடு, ஸ்டேஷனில் பேசலாம் என்றார் பொலிஸ்காரர்.

நான் டொக்டரின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் ஒரு கையால் பெட்டியை அணைத்தபடி, மற்றக் கையின் விரலால் பொறு என்றாள். அங்கே ஒருவருக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பக்கம் குகதாசன் சப்பாத்துக் கட்டுகிறான். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

நான் வாசலைத் திறந்து வெளியே போனேன். செருப்புக்கூடப் போடவில்லை. செல்வமலர், பொலிஸ், முழுத் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குத் தெரிந்த இங்கிலீசை எல்லாம் திரட்டிச் சத்தமாகச் சொன்னேன்:

"சார்! கன் இஸ் இன் மை ஹவுஸ்!"

இதைவிட நல்லமாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்கள் ஒருவரும் அந்த நேரம் அங்கே இல்லை.

பொலிஸ்காரர்களில் ஒருவர் என்னைச் சுவரோடு நிறுத்தினார். மற்றவர் கையைப் பெல்ட்டில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் பாய்ந்தார். டொக்டர் இருந்த இடத்திலேயே நின்று பெட்டியைத் தரையில் வைத்து, காலால் தள்ளி, கைப்பையிலிருந்து லைசன்சை எடுத்து நீட்டினாள். அதே மூச்சில் போனில் இரண்டு பை இரத்தம் கூட்டச் சொன்னாள். இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த என் மனுசன் யோகராஜா கட்டியிருந்த சாரத்தோடு படியிறங்கி வந்து, பொலிசைக் கண்டு, வந்த வேகத்திலேயே மேலே போய்விட்டார்.

பொலிஸ்காரர் லைசன்சில் இருந்த இலக்கத்தையும் இரும்பில் இருந்த இலக்கத்தையும் ஒப்பிட்டார். அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை. குகதாசனைக் கூட்டிவரச் சொல்லி, இரண்டு மரத்துண்டுகளையும் வெறுமனே சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். அவனுடைய தடித்த விரல்கள் பள்ளங்களில் இறங்கவில்லை. சின்னவிரல் வெளியே தொங்கியது. பிறகு டொக்டர் இரும்பில் மரத்தைப் பொருத்தித் திருகாணியை இறுக்கிப் பிடித்தாள். நான்கு விரலும் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மயிர் போக இடமில்லை.

"யாருக்காகச் செய்தது என்று தெரிகிறது," என்றார் பொலிஸ்காரர் இங்கிலீசில், தொப்பியைச் சரிசெய்தபடி.

அவர்கள் போனபிறகுதான் குகதாசன் என் வீட்டுப் படியில் உட்கார்ந்தான். தவநாயகி அவனுடைய குங்குமம் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி எண்ணெயைத் தானே தேய்த்துக்கொள்வதாகச் சொல்லி டொக்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

புதன்கிழமை காலை தவநாயகி புளித் தேசிக்காய்ப் பாதியால் அவனுடைய நகக்கண்ணில் இருந்த சிவப்பைத் தேய்த்தெடுத்ததை வேலிக்கு மேலால் பார்த்தேன். குரோய்டனில் ஊரைப் பற்றிக் கேட்டார்களாம், வந்த வழியைப் பற்றிக் கேட்டார்களாம். ரிவோல்வரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாட்டில் இருக்கலாம் என்று அடுத்த வருடம் பதில் வந்தது. தவநாயகி எனக்குத்தான் முதலில் சொன்னாள். சொல்லாவிட்டாலும் சுவர் சொல்லியிருக்கும்.

ஆனால் பொலிஸ் வந்த அந்தச் சனிக்கிழமை பின்னேரமே மச்சாள் பார்க்கிங்கிலிருந்து போன் எடுத்துவிட்டாள்.

"என்னடி, உன்ரை வீட்டிலை துவக்குப் பிடிச்சதாமே? யோகராஜா அண்ணை ஒளிச்சிட்டாராமே?"

"கேளும், மச்சாள், பேர்லியிலை ஒரு டொக்டர்..." என்று முதலிலிருந்து தொடங்கினேன்.

"ஐயோ, அடுப்பிலை கறி," என்று போனை வைத்துவிட்டாள்.