உள்ளே போகாத எண்ணெய்

“இல்ல அண்ணி, தேங்காய் எண்ணெயை முதல் சுத்துலயே வெளிய அனுப்பியாச்சு. ராத்திரி குளிர்ல உறைஞ்சு வெள்ளைத் திட்டா நிக்குது. சுரண்டிப் பாத்தா கீழ துரு ஜம்முனு உக்காந்திருக்கு.”

“விளக்கெண்ணெய்?”

“துருவை விடாது. ஆனா தூசியை எல்லாம் கூட்டிட்டு வந்து வச்சுக்கும். கல்யாணம் முடிஞ்சும் ஊருக்குக் கிளம்பாத சொந்தக்காரங்க மாதிரி.”

அண்ணி சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. அந்தக் குஷியில் இன்னும் இரண்டு எண்ணெய்களைச் சேர்த்துத் திட்டினேன்.

எங்களுக்கு நடுவே மேசையில் அண்ணனுடைய மடக்குக் கத்தி கிடந்தது. சவரக் கத்திதான். கறுப்புக் கொம்புப் பிடி, அதற்குள் மடங்கிக்கொள்ளும் அலகு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சின்ன ஆணி. போன மழைக்காலத்தில் ஒரு காலை அவன் சவரம் செய்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கத்தியைத் துடைக்காமலேயே மடக்கி வைத்துவிட்டு ஓடினான். போன வழியில் விபத்து, அவன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அந்தக் கத்தியை யாரும் தொடவில்லை. போன வாரம் அண்ணி அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். அலகில் ஒரு செம்புள்ளி. பதறிப்போய் எனக்கு போன் போட்டாள். “துரு இதைத் தின்னுடக் கூடாதுடீ. ஏதாவது பண்ணு.”

எனக்கு இது போதாதா! தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் வேலை, கைக்கு எட்டும் தூரத்தில் எண்ணெய் டப்பாக்கள். கடையில் ஒடிந்து கிடந்த கத்தரிக்கோல் பாதிகளைப் பொறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணெய் பூசி, நூலில் கட்டிக் குளியலறையில் வெந்நீர் வாளிக்கு மேலே தொங்கவிட்டேன். குளிக்கப் போன அம்மா அலறிக்கொண்டு வெளியே வந்தாள். கடையில் என்னோடு வேலை செய்யும், மெஷினில் நூல் சுற்றும் பாபினின் பெயரையே வைத்து நாங்கள் கூப்பிடும் ஒல்லிக்குச்சி வேறு, “ஏன்டீ, உனக்கு மீசை முளைக்கப் போகுதா? முன்னாடியே சொல்லிடு, நான் ஓடிப்போயிடறேன்” என்று ஓட்டிக்கொண்டே இருந்தான். ஓட்டினாலும் தினமும் “என்னாச்சு, எது ஜெயிச்சுது?” என்று முதலில் கேட்டதும் அவன்தான்.

ஜெயித்தது எங்கள் கடை எண்ணெய். தையல் மெஷினுக்கு விடுவோமே, தண்ணீர் மாதிரி, வாசனை இல்லாமல், அதுதான். கெட்டுப்போகாது, பிசின் கட்டாது. ஒரு சொட்டு விட்டால் தானாக ஊர்ந்து, மயிரிழைச் சந்து இருந்தாலும் உள்ளே நுழைந்துவிடும். அங்கே இருக்கிற அழுக்கையும் ஈரத்தையும் கிளப்பி வெளியே தள்ளிவிடும்.

இதையெல்லாம் அண்ணியிடம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியைப் பிடித்து ஆணிப் பக்கம் குனிந்தேன்.

“அண்ணி, இங்க பாருங்க, இதுதான் வில்லன். சோப்பு நுரை காஞ்சு கெட்டியாகி இருக்கு பாருங்க, அதுதான் ஈரத்தை இழுத்து வச்சுக்குது. துரு இங்கிருந்துதான் கிளம்புது. கூடவே என்னமோ குட்டி குட்டியா…”

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மிளகுத்தூளில் உப்பைக் கலந்த மாதிரி, கறுப்பும் வெள்ளையுமாக. அண்ணனின் தாடி.

அண்ணி கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கினாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

“தெரியும்,” என்றாள். “அதனாலதான் நான் கழுவல.”

என் கையில் எண்ணெய் டப்பா.

“இந்த எண்ணெய் விட்டா இதெல்லாம்?”

“வெளிய வந்துரும் அண்ணி. அதுதான் இதோட வேலையே.”

“விடலேன்னா?”

“உள்ளயே துரு ஏறும். ஒருநாள் ஆணியைத் தின்னுரும். கத்தி தனியா, பிடி தனியா கையோட வந்துரும்.”

உடனே எனக்கு ஒரு யோசனை. எனக்கு யோசனை வந்தால் வாய் சும்மா இருக்காதே. “அண்ணி, ஆணியைக் கழட்டிடறேன். முடியை எல்லாம் பத்திரமா எடுத்து ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியில போட்டுத் தந்துடறேன். கத்தியை நல்லா துடைச்சு, எண்ணெய் விட்டு, புது ஆணி அடிச்சிடலாம். ரெண்டும் உங்ககிட்டயே இருக்கும்!”

“குப்பியில போட்டா அது வெறும் குப்பைடீ நாத்தனாரே,” என்றாள். குரல் உயரவில்லை. “அங்க இருக்கறவரைக்கும்தான் அது அவரு துடைக்காம விட்டுட்டுப் போன சவரம்.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “உள்ள போகாத எண்ணெய் ஒண்ணு இருக்கா?”

இத்தனை நாளாக நான் தேடியது உள்ளே போகும் எண்ணெயை. அவள் கேட்டது நேர் எதிரானது. இருந்தது. எண்ணெய் என்று சொல்ல முடியாது, எண்ணெய்க்கு ஒன்றுவிட்ட சித்தப்பா: உதட்டு வெடிப்புக்குப் போடும் வாசலின். வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும். என் போட்டியில் அதற்கு இரண்டாம் இடம்கூடக் கிடைக்கவில்லை, சந்துக்குள் போகாது என்பதற்காகவே ஒதுக்கியிருந்தேன்.

செம்புள்ளியை மட்டும் பஞ்சால் மெல்லத் தேய்த்து எடுத்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் வாசலினைத் தொட்டு அலகின் இரு பக்கமும் இழுத்தேன். ஆணியை நெருங்கியபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “போதும். இதுக்கு மேல வேணாம்.” நிறுத்திவிட்டேன். கத்தியை மடக்காமல், பாதி திறந்தபடியே துணி விரித்த டப்பாவில் வைத்தாள்.

“அண்ணி, ஆணி ஒருநாள் போயிடும்,” என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“போகட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்தும் மண்டை ஓயவில்லை. எண்ணெய் உள்ளே போகக் கூடாது, சரி. காற்று போகத்தானே செய்யும்? அந்தக் காற்றில் ஈரமே இல்லாமல் செய்துவிட்டால்? புதுச் செருப்புப் பெட்டிக்குள் மணிமணியாக ஒரு பொட்டலம் கிடக்குமே, ஈரத்தைக் குடிப்பது, அதை நாலைந்து வாங்கி அந்த டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி வைத்தால் ஒரு முடிகூட நகராது. துருவும் பசியோடு காத்துக் கிடக்கும். நாளைக்கே அண்ணியிடம் கொண்டுபோகப் போகிறேன். ஆனால் அவள் அதை வேண்டும்போதெல்லாம் திறந்து பார்ப்பாளே, திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரம் உள்ளே வருமே. திறக்காதீங்க என்று நான் எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா, இல்லை, திறக்கட்டும் என்று விட்டுவிடுவீர்களா?