சட்டைப் பையில் ஃபியூஸ்

ஏணியில் ஏறுகிறவன் கம்பியைத் தொடும் முன் "பையில?" என்று கேட்க வேண்டும். கீழே நிற்கிறவர் சட்டைப் பையைத் தட்டி "பையில" என்று சொல்ல வேண்டும். பிடுங்கிய ஃபியூஸ் அவர் பையில் இருக்கும்வரை எந்தக் கொம்பன் வந்தாலும் அந்தக் கம்பியில் கரண்ட் விட முடியாது. வயரிங் வேலையில் மாமா வகுத்த சட்டம் இது. அக்காவைக் கட்டிய கையோடு மச்சினனையும் தொழிலில் கூட்டுச் சேர்த்துக்கொண்டவர் அவர்.

மாமா "பையில" என்று சொன்ன பிறகும் கம்பியில் டெஸ்டரை வைத்துக் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது, அவரை முகத்துக்கு நேராகப் பொய்யர் என்பதற்குச் சமம். மச்சினன் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. மரியாதையாம். இந்தக் குடும்பத்து மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

மாமா ஒரு சொட்டு மது தொட்டவரில்லை. அதனால்தான் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக டாக்டர் முதலில் சொன்னபோது சிரித்துத் தள்ளிவிட்டார்.

"குடிக்கிறவன் எல்லாம் குத்துக்கல்லு மாதிரி இருக்கான். எனக்குப் போயி ஈரலா?" என்று தொந்தியைத் தட்டினார். அன்றைக்கும் பாட்டில் குளிர்பானத்தை ஒரே மூச்சில் காலி செய்தார். அந்தக் கொழுப்பு சும்மா இருக்கவில்லை. வருஷக்கணக்கில் ஈரலைத் தழும்பாக்கிச் சுருக்கியது.

பிறகு ஆளே மாறினார். பகலில் தூங்கி வழிந்தார், இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். நீட்டிய கை படபடவென்று ஆடியது. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். சொன்ன ஜோக்கையே மறுபடி சொல்லிவிட்டு, யாரும் சிரிக்கவில்லையே என்று முறைத்தார்.

டாக்டர் அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார். "ஈரல் வடிகட்டாம விடுற கசடு ரத்தத்தோட மூளைக்குப் போகுதும்மா. இந்த சிரப் வயித்தால போக வச்சு அத வெளியேத்தும். சிரப்ப விட்டா புத்தி தடுமாறும். வேலைக்கும் அனுப்பாதீங்க."

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வீட்ல முடக்கிப் போட்டா அந்த மனுஷன் செத்தே போயிருவாருடா. ஏணில ஏற வேணாம். கீழ நின்னு ஃபியூஸ மட்டும் வச்சுக்கட்டும்."

ஃபியூஸ் மட்டுமாம். ஆனாலும் மச்சினன் தலையாட்டினான்.

அன்று ஓர் அலுவலகத்தின் உள்ளறையில் வேலை. பக்கத்து ஹாலுக்கும் அதே லைன்தான். மச்சினன் ஏறினான், கேட்டான், பதில் வந்தது, பழைய கம்பியை அறுத்தான். ஸ்க்ரூ வாங்கக் கீழே இறங்கிக் கடைக்குப் போகும்போது போகிறபோக்கில் கேட்டான். "சிரப் குடிச்சீங்களா மாமா?"

"போடா. அதக் குடிச்சுட்டு வேலை எடத்துல கக்கூஸ் தேடி ஓடவா? இந்த வாரம் அத மோந்துகூடப் பாக்கல." பெரிய சாமர்த்தியம் செய்தவர்போலக் கண்ணடித்தார்.

கடையில் நிற்கும்போதும் அந்தப் பேச்சு மச்சினனை விடவில்லை. திரும்பி வந்து ஏணியில் ஏறினான். மாமா ஹால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பையில?"

மாமா பையைத் தட்டினார். "பையில."

மச்சினனின் கை கம்பிக்குப் போனது, நின்றது. கருவிப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான். மாமா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. ஆனாலும் டெஸ்டரைக் கம்பியில் வைத்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

கீழே குனிந்தான். அப்போதுதான் ஹாலில் ஃபேன் ஓடும் சத்தம் காதில் விழுந்தது.

"மாமா, ஃபேன் ஓடுது."

"ஆமா, வேர்த்துச்சு. நாந்தான் போட்டேன்."

"அப்ப ஃபியூஸ்?"

மாமாவின் கண் டெஸ்டரிலேயே இருந்தது.

"என் பேச்சு மேல டெஸ்டர் வச்சுட்டியேடா," என்றார். ஆடும் கையால் வெறும் பையை மறுபடி தட்டினார். "பையிலதான்டா இருக்கு."