நாள் முழுக்கக் கேட்பார்

பஞ்சைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து அப்பாவின் உதட்டில் ஒற்றினான் மகன். மூன்றாவது தடவையும் நீர் வழிந்து தாடையில் இறங்கியது.

"இன்னும் நல்லா பிழியுங்க தம்பி. ஈரம் பட்டா போதும். அவரால விழுங்க முடியாது" என்றாள் ஆயா. அந்த முதியோர் இல்லத்தில் எல்லாருக்கும் அவள் சின்னக்காதான். வயது என்னவோ ஐம்பதைத் தாண்டியிருந்தது.

விடிந்ததும் விடியாததுமாக இல்லத்திலிருந்து போன் வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தான். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இங்கே சேர்த்த இரண்டரை வருஷத்தில் அப்பாவின் அறைக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல் முறை. பார்க்க வருகிறவர்களுக்கு முன்கூடம்தான். குளிப்பாட்டி, சவரம் செய்து, மாப்பிள்ளை மாதிரி தள்ளுநாற்காலியில் அங்கே அழைத்து வருவார்கள். தூரத்து ஊரில் இருக்கும் அக்கா இரண்டு முறை வந்தாள். இவன் எப்போதாவது வருவான். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன மனிதரிடம், "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு போவது அவனுக்குப் பழகியிருந்தது.

இன்று அது போதவில்லை. அப்பா இங்கே நன்றாக இருந்தார் என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை மட்டும் கேட்டுவிட்டால் மிச்ச காலத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம்.

அவன் கேட்காமலே சின்னக்கா சொன்னாள். முதுகில் ஒரு புண் வரவிட்டதில்லை. இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைப்பாள். சாப்பாட்டை மசித்து, சூடு பார்த்து, பொறுமையாக ஊட்டுவாள். அத்தனையும் உண்மை என்று அப்பாவின் உடம்பே சொன்னது. நகத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லை. வீட்டில் வைத்திருந்தால் இதில் பாதியாவது நடந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டான். மனசு கொஞ்சம் கொஞ்சமாக லேசாகி வந்தது.

"எல்லாத்துக்கும் மேல இதுதான் தம்பி." தலைமாட்டில் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்த ரேடியோவைக் காட்டினாள். அவன் வந்ததிலிருந்து அது பாடிக்கொண்டுதான் இருந்தது. "ஆபீஸ்ல குடுத்தது ஆறே மாசத்துல வாயை மூடிடுச்சு. இது என் வீட்டு ரேடியோ. காலைல அவரு கண்ணு முழிச்சதும் போட்டா, தூங்கறப்பதான் நிறுத்துவேன். ஒரு நாள் தப்பினதில்ல."

பஞ்சு பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"பாட்டு வந்துட்டா அந்த இடது கையைப் பாக்கணும் நீங்க. தாளம் போட ஆரம்பிச்சிடுவாரு. மூணு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூணு தட்டு. மொதல்லல்லாம் மெத்தையே அதிரும். பக்கத்து ரூம் வாத்தியாரு, 'உங்காளு பெரிய ரசிகரும்மா'ன்னு கிண்டல் பண்ணுவாரு."

போர்வைமேல் கிடந்த கை இப்போதும் அசைந்தது. விரிந்த உள்ளங்கை ஒரு விரல்கடை அளவு எழுந்து, மூன்று முறை இறங்கியது. சற்று நின்றது. மறுபடி மூன்று முறை.

அவனுக்கு அந்தக் கையைத் தெரியும். அப்பா முப்பத்தெட்டு வருஷம் நெசவு மில்லில் தறி ஓட்டியவர். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையை விரித்து மூன்று முறை இறக்கினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். வீட்டிலும் அதே ஜாடைதான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கை இறங்கினால் அக்கா ஓடிப்போய் டிவியை அணைப்பாள். "நாள் முழுக்க மில்லு கத்துது. வீடாவது சும்மா இருக்கட்டும்" என்பார். அந்த வீட்டில் ரேடியோ என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பாட்டு பிடிக்கும்னு யாரு சொன்னாங்க?" என்று கேட்டான்.

"நல்லா கேட்டீங்க! நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க." கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். 'பிடித்தவை' என்ற கட்டத்தில் அவன் கையெழுத்து சாய்ந்து ஓடியது: பழைய பாட்டு. நாள் முழுக்கக் கேட்பார்.

அப்பாவைச் சேர்த்த அன்று அவனுக்கு ஆபீசிலிருந்து போன்மேல் போன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார் கவுண்டரில் இருந்தவர். வயசானவர்களுக்கு வேறென்ன பிடிக்கும் என்று, ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, கைக்கு வந்ததை எழுதினான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பெற்ற அப்பனைப் பற்றி அரை நிமிஷம் யோசிக்க முடியவில்லை, பாவிக்கு.

"கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாமா?"

"ஐயையோ, வேணாம் தம்பி. கடைசி வரைக்கும் காது கேக்கும்பாங்க. அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்." அவள் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பாவம், அவள் மனசு உடைந்துபோகும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவள் வெந்நீர் எடுக்கப் போனாள். காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு ரேடியோவின் குமிழைப் பிடித்தான். பதற்றத்தில் மாற்றித் திருகிவிட, பாட்டு வீறிட்டது. அவசர அவசரமாக மறுபக்கம் திருகி அணைத்தான்.

"நிறுத்திட்டேன்ப்பா" என்றான் காதருகே குனிந்து.

கை விரிந்தபடியே கிடந்தது. எழவில்லை. நெஞ்சும் எழவில்லை. பாட்டு நின்றபோது அவர் இருந்தாரா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சின்னக்கா வாசலிலேயே புரிந்துகொண்டாள். வெந்நீரைக் கீழே வைத்து, அப்பாவின் கண்களை மூடிவிட்டாள். அதற்குப் பிறகுதான் ரேடியோவைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி நிறுத்தினீங்க? பாட்டோடவே போயிருப்பாரே."

"தெரியாம கை பட்டுடுச்சு."

அவள் குமிழைத் திருகி சன்னமாகப் பாடவிட்டு, துண்டை வெந்நீரில் நனைத்தாள்.

போன் அடித்தது. அக்கா ரயிலில் வந்துகொண்டிருந்தாள். "போயிட்டாருக்கா" என்றான். அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

"கஷ்டப்பட்டாராடா?"

"ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்கக்கா." அது பொய்யில்லை.

"என்னடா அங்க சத்தம்? அப்பா பக்கத்துல யாரு பாட்டு வெச்சிருக்கிறது? நிறுத்தச் சொல்லுடா."

சின்னக்கா அப்பாவின் கால்விரல்களை ஒவ்வொன்றாக, இடுக்கு விடாமல் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தது.

"பக்கத்து ரூம்லக்கா" என்றபடி அவன் தாழ்வாரத்துக்கு வந்து கதவைச் சாத்தினான். கனமான கதவு. நன்றாகப் பொருந்தும்வரை இழுத்துப் பிடித்தான்.

"இப்ப கேக்கலைல்லக்கா?" என்றான்.