கண்ணாடிக்குள் ஒரு பச்சைக் கோடு

வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் என்னை உலைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி உருக்குவது என் வேலை. ஆனால் அதற்காக மட்டும் அந்தப் பெயர் வரவில்லை என்பது எனக்கும் தெரியும், கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும். போன வருஷம் முழுக்க உலையைவிட நான்தான் அதிகம் கொதித்தேன்.

என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பாகங்களை லேசரால் ஒட்டும் மிஷின்களைப் பழுது பார்ப்பவர். அந்த லேசரிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் மூடிய மிஷினுக்குப் பின்னால் குனிந்து கேபிள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணுக்குள் ஏதோ அணைந்த மாதிரி இருந்ததாம். வலியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கண்ணின் நடுவில் ஓர் ஓட்டை. இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தால் என் இரண்டு காதும் தெரியும், முகம் தெரியாது.

"மூக்குக்கு மேல கோபம்னு சொல்வாங்க. எனக்கு மூக்கு தெரியல, கோபம் மட்டும்தான் தெரியுது," என்று அவரே கிண்டல் செய்வார். நான் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுவேன்.

கண்ணைவிட மோசமாக வலித்தது அந்த விசாரணை அறிக்கை. மிஷினைச் சுற்றி ஒளி அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், ஒரு பொட்டு ஒளிகூட வெளியே வரவில்லை. மிஷின் கதவு மூடியிருந்தால் கண்ணில் படவே வழியில்லை, ஆகவே இவர்தான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, காகிள்ஸ் போடாமல், உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார் என்று எழுதி முடித்தார்கள். அதாவது, கதவு மூடியிருந்தது என்று இவர் சொன்னது பொய். பதினெட்டு வருஷ வேலையில் இவரை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை.

இவர் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். உதிரிபாக அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு பெட்டிகளை அடுக்கினார். அந்த மிஷின் அறையின் வாசற்படியை மறுபடி மிதிக்கவே இல்லை. வீட்டில் நான் டிவி ரிமோட்டை அவர் இருக்கும் பக்கம் நீட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரிமோட்டிலும் அகச்சிவப்பு ஒளிதான் இருக்கிறது; அது ஒன்றும் செய்யாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இந்த நிலைமையில்தான் எங்கள் பட்டறைக்கு அந்தக் கண்ணாடி வந்தது. எர்பியம், இட்டெர்பியம் என்று இரண்டு அருமண் தனிமங்களைத் துளித்துளி சேர்த்து உருக்கும் கண்ணாடி. பார்க்க ஜன்னல் கண்ணாடி மாதிரிதான், லேசாக ரோஸ் நிறம் ஓடும். ஆனால் அகச்சிவப்பு ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். எப்படி என்று எங்கள் பொறியாளரிடம் கேட்டேன். இட்டெர்பியம் ஒளியை வாங்கி எர்பியத்திடம் கொடுக்கும், ஒரு தடவை கொடுத்தால் எர்பியம் ஒரு படி ஏறும், அது இறங்குவதற்குள் இன்னொரு தடவை கொடுத்தால் இரண்டாம் படிக்குப் போய்விடும், அங்கிருந்து ஒரே குதியாகக் குதிக்கும்போது வருவதுதான் பச்சை என்றார். கண்ணுக்குத் தெரியாத இரண்டு சேர்ந்து தெரிகிற ஒன்றாக ஆகிறது! அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஆர்டர் வந்தது நாணயம் அளவுத் துண்டுகளுக்கு. எனக்கு உள்ளங்கை அகலத்தில் ஒன்று வேண்டும் என்றேன். எதற்கு என்று சொன்னதும் பொறியாளர் மறுக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்கு ஈரம் ஆகவே ஆகாது. காற்றில் இருக்கும் கொஞ்சம் ஈரம் கலந்தாலும் ஒளி செத்துவிடும். அதனால் உலர்ந்த வாயு நிரப்பிய பெட்டிக்குள், சுவரில் பொருத்திய கையுறைக்குள் கையை விட்டுத்தான் உருக்க வேண்டும், ஊற்ற வேண்டும். சீக்கிரம் ஆறினால் விரிசல், மெதுவாக ஆறினால் பால் மாதிரி வெளுத்துவிடும். முதல் நான்கும் போயின. நான்காவது உடைந்தபோது நான் பேசிய வார்த்தைகளைக் கேட்டு உதவியாளர் வெளியே போய் நின்றுகொண்டார். ஐந்தாவது, ஒரு கீறல் இல்லாமல் என் கையில் வந்து உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரரின் தொழிற்சாலை விடுமுறையாக இருந்த ஒரு காலையில் மிஷினைச் சோதித்துப் பார்க்க அங்கிருந்த மேலாளர் அனுமதி கொடுத்தார். நல்ல மனுஷன்தான், அறிக்கையில் எழுதியதை மாற்றுவது மட்டும் அவருக்கு ஆகாது.

"பாத்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி," என்றார்.

"எனக்கு எப்ப நிம்மதின்னு நான் சொல்றேன் சார்," என்றேன்.

என் வீட்டுக்காரர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். காகிள்ஸ் போட்டிருந்தார், நாங்களும் போட்டிருந்தோம். விளக்கை அணைத்தோம். மிஷினைக் கதவு மூடி ஓடவிட்டார் மேலாளர். ஒரு பாகத்தை ஒட்டி முடிக்கப் பன்னிரண்டு விநாடி. நான் கண்ணாடியைக் கதவு இடுக்கில் பிடித்தேன், ஜன்னலில் பிடித்தேன், மேல்மூடியில் பிடித்தேன். இருட்டு. பின்பக்கம் போய் கேபிள் நுழையும் ஓட்டைக்கு எதிரே மார்பு உயரத்தில் பிடித்தேன். பன்னிரண்டு விநாடி, இன்னொரு பன்னிரண்டு விநாடி. கண்ணாடி செத்த மீன் மாதிரி என் கையில் கிடந்தது.

"பாத்தாச்சாம்மா?" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவில் இருந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னும் கீழ." வாசலில் இருந்து என் வீட்டுக்காரரின் குரல். "நான் முட்டி போட்டிருந்தேன். என் மூஞ்சி இன்னும் கீழ இருந்துச்சு."

"எவ்வளவு கீழ? வந்து காட்டுங்களேன்!" என்று கத்திவிட்டேன். கத்தியதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு செருப்புச் சத்தம். சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிச் சற்று இடது பக்கம் நகர்த்தியது. அந்தக் கை சில்லென்று இருந்தது.

மிஷின் ஒரு சுற்று ஓடியது.

பளிச்.

கண்ணாடியின் நடுவில் ஒரு பச்சைப் பொட்டு, கண் இமைக்கும் நேரம். பன்னிரண்டு விநாடி கழித்து அதே இடத்தில் மறுபடி பளிச். அதே உயரம், அதே பச்சை.

மேலாளர் குனிந்து உற்றுப் பார்த்தார். மீட்டரின் முகம் சட்டைப் பொத்தான் அளவுதான், இந்த ஒளிக்கற்றை பென்சில் கனம். யாரும் முட்டி போட்டுப் பார்க்காத ஓர் இடத்தில், பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை மட்டும் வருவது அதற்கு எங்கே கிடைக்கப் போகிறது?

என் வீட்டுக்காரர் எழுந்து போனார். பவரைக் குறைத்து, பாகத்தைச் சுற்றி வரும் ஒளி, வெளியே தெறிக்கும் அந்த மூலைக்கு வந்ததும் அங்கேயே நிற்கும்படி பொத்தான்களை அழுத்தினார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. இப்போது பொட்டு அணையாமல் நின்றது. "கண்ணாடியப் பக்கவாட்டுல திருப்பு," என்றார். திருப்பினேன். கண்ணாடியின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பு நோக்கி, உள்ளே ஒரு பச்சைக் கோடு ஓடியது. அசையாமல், இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராக. கண்ணாடிக்கு முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு. என் கையில் இருந்த அந்த நான்கு விரல் அகலத்தில் மட்டும் அது தன்னைக் காட்டியது. ஆயிரம் தடவை உருக்கியிருக்கிறேன், என் கையால் செய்த ஒன்றைப் பார்த்து நான் நடுங்கியது அன்றுதான்.

அவர் மறுபடி வந்து முட்டி போட்டார். ஒரு கையால் காகிள்ஸின் இடது பக்கத்தை மறைத்துக்கொண்டு, வலது கண்ணால் பார்த்தார்.

"நேரா பாத்தா காணோம்," என்றார். தலையைக் கொஞ்சம் திருப்பினார். "தள்ளிப் பாத்தா இருக்கு." திரும்பவும் நேரே, திரும்பவும் தள்ளி. "இவ்வளவு மெல்லிசா இருக்கு. நான் இந்த ரூம் பூரா இருக்குன்னு நெனச்சிட்டேன். வீடு பூரா இருக்குன்னு நெனச்சிட்டேன்." மறைத்த கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தார். "எவ்வளவு அழகா இருக்குது, பாரேன்."

நான் அழுதேன். சமையலறைக்குப் போகாமல், மேலாளர் முன்னாலேயே அழுதேன்.

மிஷினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டோம். பாகத்தைப் பிடித்திருக்கும் பட்டையில் நான்கு ஸ்க்ரூ. மூன்று கறுப்பு. நான்காவது பளபளவென்று வெள்ளை. ஒளி அதன் தலையில் பட்டுத்தான் கேபிள் ஓட்டை வழியாக வெளியே தெறித்திருக்கிறது. உள்ளே ஒளியைத் தெறிக்கவிடாத கறுப்பு ஸ்க்ரூ மட்டும்தான் போட வேண்டும் என்பது அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது.

"எந்தப் புண்ணியவான் போட்டான் இத?" என்றேன். ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த வசவு நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அவர் ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான். அன்னைக்குக் காலைல கறுப்பு தீந்துபோச்சு. மிஷின் நிக்கக்கூடாதுன்னு இதைப் போட்டேன். சாயங்காலம் மாத்திக்கலாம்னு இருந்தேன்."

சேர்த்துவைத்ததை எல்லாம் நான் விழுங்கினேன்.

மேலாளர் மேஜைக்குப் போய் ஒரு புதுத் தாளை எடுத்தார். "கதவு மூடித்தான் இருந்ததுன்னு மாத்தி எழுதிடுறேன். நீங்க பொய் சொல்லல. மத்ததெல்லாம் எதுக்கு, விட்டுடலாம்."

"விடாதீங்க சார்," என்றார் இவர். "ஸ்க்ரூவும் எழுதுங்க. நான் போட்டதுன்னே எழுதுங்க. அடுத்து முட்டி போடப்போறவனுக்குத் தெரியணும்."

என் வாய் அவரைத் தடுக்கத் திறந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக இல்லாத ஒரு நிமிர்வு அதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மேலாளர் பேனாவைத் திறந்து, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ரெண்டையும் எழுதுங்க சார்," என்றேன். "ஆனா கதவு மூடியிருந்ததுன்னு மொதல் வரில எழுதுங்க."